பட்டியலிலிருந்து நீக்கிய ஷேரில் 'ஷார்ட்' கணக்கை நம்பலாமா?



நமது இதழில் வழக்கமாக ஜி.எஸ்.டி., எடைக்கல் முத்திரை, உணவுப் பாதுகாப்பு உரிமம், பருப்பு வகைகளின் இருப்பு வரம்பு என்று நம் தொழிலுக்கு நேரடியாகத் தொடர்புள்ள விஷயங்களைத்தான் எழுதுவோம். ஷேர் மார்க்கெட்டைப் பற்றி மளிகைக் கடைக்காரர்களுக்கு என்ன சொல்ல இருக்கிறது என்று சிலர் கேட்கக்கூடும். சொல்ல வேண்டிய நிலை வந்துவிட்டது. கடைக் கல்லாவுக்கும் ஷேர் மார்க்கெட்டுக்கும் நடுவே முன்பு ஒரு சுவர் இருந்தது. கைப்பேசி வந்து அந்தச் சுவரில் கதவு வைத்துவிட்டது. அந்தக் கதவு வழியாகப் போன ஒரு கடையின் முதலைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் கடை மதுரை கீழமாசி வீதியில் இருக்கிறது. பருப்பு, மிளகாய், மல்லி மொத்த வியாபாரம். இருபத்திரண்டு ஆண்டுகளாக என்னிடம் சரக்கு எடுக்கும் சில்லறை வியாபாரி ஒருவர் உண்டு. மூன்று வாரக் கடன். சொன்ன தேதிக்குப் பணம் வந்துவிடும். சென்ற ஆண்டு தீபாவளிச் சரக்குக்கு வர வேண்டிய பணம் வரவில்லை. தை பிறந்த பிறகு ஒருநாள் மகனையும் அழைத்துக்கொண்டு அவரே வந்தார்.

"அண்ணாச்சி, கொஞ்சம் தவணை கொடுங்க. பையன் கடைப் பணத்தை ஷேரில் போட்டுட்டான்" என்றார். தொகை 3,60,000 ரூபாய். பையனைப் பார்த்தேன். படித்த பிள்ளை, கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது. "என்னப்பா நினைச்சுப் போட்டே?" என்று கேட்டேன்.

"பெரியப்பா, அந்தக் கம்பெனி ஷேரை நிறையப் பேர் ஷார்ட் அடிச்சிருந்தாங்க. ஷார்ட் அடிச்சவன் ஒருநாள் வாங்கித் திருப்பிக் கொடுத்தே தீரணும். டீலிஸ்ட் ஆகுறதுக்கு முன்னால எல்லாரும் ஓடிவந்து வாங்குவாங்க, விலை எகிறும்னு சொன்னாங்க" என்றான். யார் சொன்னார்கள் என்று கேட்டேன். கைப்பேசியில் ஒரு குழுவாம்.

அந்தக் கம்பெனி திவால் வழக்கில் இருந்த கம்பெனி. வேறொருவர் அதை எடுத்துக்கொண்டார். பழைய ஷேர்கள் அனைத்தும் ரத்து. ஒரு பைசா வரவில்லை. விலையும் எகிறவில்லை, யாரும் ஓடியும் வரவில்லை.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பணம் தாமதமாவது பெரிதல்ல. அந்தப் பையன் பேராசைக்காரன் அல்ல என்பதுதான் மனதை உறுத்தியது. அவன் ஒரு கணக்கைப் பார்த்துத்தான் ஏமாந்தான். கணக்கைப் பார்த்து நடக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததே நாம்தான். ஆகவே அந்தக் கணக்கு எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள, தணிக்கையாளர் அலுவலகத்தில் பணிபுரியும் என் மருமகனின் உதவியுடன் சில மாதங்கள் படித்தேன். தெரிந்ததை நம் கடை மொழியிலேயே சொல்கிறேன்.

கைமாற்றுச் சரக்கு

ஷார்ட் என்பது நமக்குப் புதிதல்ல. அது கைமாற்றுத்தான். ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். துவரம் பருப்பு மூட்டை 6,000 ரூபாய் விற்கிறது. விலை இறங்கும் என்று எனக்குப் படுகிறது. பக்கத்துக் கிட்டங்கியில் நூறு மூட்டை கைமாற்றாக வாங்கி இன்றே விற்றுவிடுகிறேன். விலை 5,000 ஆனதும் மார்க்கெட்டில் நூறு மூட்டை வாங்கித் திருப்பிக் கொடுக்கிறேன். மூட்டைக்கு ஆயிரம் வீதம் ஒரு லட்சம் மிச்சம். கைமாற்றுக் கொடுத்தவருக்கு அதில் ஒரு வாடகை. விலை இறங்காமல் 8,000 ஆகிவிட்டால் எனக்கு இரண்டு லட்சம் நஷ்டம், வாடகையும் தண்டம்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. நான் திருப்பித் தர வேண்டியது பணம் அல்ல, சரக்கு. ஆகவே கைமாற்றுப் பாக்கி அதிகமாக உள்ள சரக்கில் விலை திடீரென்று ஏறினால், கைமாற்று வாங்கியவர்கள் பயந்துபோய் ஒரே நேரத்தில் வாங்க வருவார்கள். அதனால் விலை மேலும் ஏறும். ஆகவே பையனுக்குச் சொல்லப்பட்ட கதை முழுப் பொய் அல்ல. பாதி உண்மை. முழுப் பொய்யைவிடப் பாதி உண்மைதான் அதிகம் பேரைக் கவிழ்க்கிறது.

பேரேடும் சிட்டையும்

அமெரிக்காவில் இந்தக் கைமாற்றுப் பாக்கியைக் கணக்கெடுத்து வெளியிடுகிறார்கள். புரோக்கர் நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர்கள் எவ்வளவு ஷேர் ஷார்ட் அடித்துத் திருப்பாமல் வைத்திருக்கிறார்கள் என்பதை மாதம் இரண்டு முறை, நடு மாதத்திலும் மாதக் கடைசியிலும், ஃபின்ரா என்ற மேற்பார்வை அமைப்புக்குச் சொல்லியாக வேண்டும். அது பொதுமக்கள் கண்ணுக்கு வர மேலும் ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. ஆக, நாம் பார்க்கும் பாக்கிக் கணக்கு எப்போதுமே பழைய கணக்கு.

இதைத் தவிர, தினசரி ஷார்ட் விற்பனை என்று இன்னொரு கணக்கும் வருகிறது. இரண்டையும் ஒன்றாக நினைத்துக் குழம்புவோர்தான் அதிகம். முதலாவது பேரேடு, இரண்டாவது தினச்சிட்டை. நம் கடைக்கு ஒருவர் வந்து ஐந்து மூட்டை உளுந்து கேட்கிறார். நம்மிடம் இருப்பு இல்லை. பில்லைப் போட்டுவிட்டு, பையனை அடுத்த கடைக்கு அனுப்பி எடுத்துவரச் சொல்கிறோம். சிட்டையைப் பார்த்தால் கையில் இல்லாத சரக்கை விற்றதாகத்தான் தெரியும். மாலைக்குள் கணக்கு நேராகிவிடும். பாக்கி எதுவும் இல்லை. அமெரிக்க ஷேர் மார்க்கெட்டில் இடைத்தரகு நிறுவனங்கள் நாள் முழுவதும் இப்படித்தான் செய்கின்றன. அந்தச் சிட்டையைக் கூட்டிப் பார்த்து, "பாதி விற்பனை ஷார்ட், எல்லாரும் வாங்கியே ஆக வேண்டும்" என்று சொல்பவருக்கு ஒன்று கணக்குத் தெரியாது, அல்லது நம்மை ஏமாற்றத் தெரியும்.

மார்க்கெட்டை விட்டு வெளியேற்றினால்?

ஒரு கம்பெனியின் ஷேரை எக்ஸ்சேஞ்ச் தன் பட்டியலிலிருந்து நீக்குவதே டீலிஸ்டிங். நீக்கியதும் இந்தக் கைமாற்றுப் பாக்கி என்னாகிறது?

மார்க்கெட் கமிட்டி ஒரு சரக்கை இனி உள்ளே விற்கக்கூடாது என்று சொல்லிவிட்டால் நான் வாங்கிய நூறு மூட்டைக் கைமாற்று தீர்ந்துவிடுமா? தீராது. சரக்கு கேட்டுக்கு வெளியே விற்கும், பாக்கி பாக்கியாகவே நிற்கும். ஷேரும் அப்படியே. அமெரிக்காவில் நாஸ்டாக், நியூயார்க் எக்ஸ்சேஞ்ச்களிலிருந்து நீக்கப்பட்ட ஷேர் பெரும்பாலும் எக்ஸ்சேஞ்சுக்கு வெளியே நடக்கும் சந்தைக்குப் போய்விடுகிறது. அங்கும் ஷார்ட் பாக்கி உண்டு, புரோக்கர்கள் அதை மாதம் இரண்டு முறை சொல்ல வேண்டிய கடமையும் உண்டு. ஆனால் எக்ஸ்சேஞ்ச் தன் பக்கத்தில் அந்தப் பெயரைக் காட்டாது. ஷேரின் குறியீட்டு எழுத்தும் மாறிவிடும். பல தனியார் தகவல் பக்கங்கள் கடைசியாக வந்த பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். ஓடாத கடிகாரத்தைப் பார்த்து ரயிலுக்குப் போவது போலத்தான் அந்த எண்ணைப் பார்த்து ஷேர் வாங்குவது.

இன்னொரு கோளாறும் உண்டு. அந்த எண்ணைச் சதவீதமாகச் சொல்வார்கள். மார்க்கெட்டில் மொத்தம் நூறு மூட்டை, அதில் நாற்பது கைமாற்று என்றால் 40 சதவீதம். மில்லிலிருந்து மேலும் அறுநூறு மூட்டை வந்து இறங்கினால் அதே நாற்பது மூட்டை 6 சதவீதம்கூட இல்லை. நொடித்துப்போகும் கம்பெனி பணத்துக்காகப் புதுப்புது ஷேர்களை அச்சிட்டு விற்கும்போது இதுதான் நடக்கிறது. பழைய பக்கத்தில் மட்டும் 40 சதவீதம் மாறாமல் இருக்கும்.

ஒரு கடைக்காரர் கதை

இதற்கு நல்ல சாட்சி ஒரு கடைக் கம்பெனியே. பெட் பாத் அண்ட் பியாண்ட் என்று அமெரிக்காவில் ஒரு நிறுவனம். 1971ல் நியூஜெர்சி மாநிலத்தில் இருவர் சேர்ந்து தொடங்கியது. படுக்கை விரிப்பு, துண்டு, சமையல் பாத்திரம் விற்றார்கள். தள்ளுபடிக் கூப்பன் கொடுத்தே பெயர் வாங்கினார்கள். நாடு முழுவதும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் என்று வளர்ந்தார்கள்.

பிறகு சறுக்கல். வாடிக்கையாளர் கேட்டு வரும் பெயர்பெற்ற கம்பெனிச் சரக்கைக் குறைத்து, சொந்த முத்திரைச் சரக்கை அடுக்கினார்கள். வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். கையில் இருந்த பணத்தைக் கடைக்குப் போடாமல், தங்கள் ஷேரையே திரும்ப வாங்க ஆண்டுக்கணக்கில் செலவழித்தார்கள். 2022ல் சரக்குக் கொடுப்பவர்கள் கடனைச் சுருக்கினார்கள். சிலர் முன்பணம் கேட்டார்கள். தட்டு காலியானது. காலித் தட்டைப் பார்க்க வாடிக்கையாளர் வருவாரா?

இதே நேரத்தில் ஷேர் மார்க்கெட்டில் வேறொரு கூத்து. இந்த ஷேரில் ஷார்ட் பாக்கி மிக அதிகம் என்று தெரிந்து சிறு முதலீட்டாளர்கள் திரண்டார்கள். 2022 ஆகஸ்ட் தொடக்கத்தில் 5 டாலர் அளவில் இருந்த விலை, 17ஆம் தேதி ஒரு கட்டத்தில் 30 டாலரைத் தொட்டது. இரண்டே நாளில், பெரிய பங்குதாரர் ஒருவர் விற்றுவிட்டார் என்ற செய்தி வந்ததும், 11 டாலருக்கு விழுந்தது. முதல் ஆட்டத்தில் விற்று வெளியேறியவர் பிழைத்தார். இன்னொரு முறை வரும் என்று உட்கார்ந்தவரின் கதைதான் நமக்குப் பாடம்.

2023 ஜனவரியில் தொழிலைத் தொடர முடியுமா என்பதே சந்தேகம் என்று கம்பெனியே எழுத்தில் அறிவித்தது. அதன் பின்னும் கோடிக்கணக்கில் புது ஷேர்களை விற்றது. வாங்கியவர்கள் இருந்தார்கள். ஏப்ரல் 23ஆம் தேதி திவால் மனு. மே 3ஆம் தேதி நாஸ்டாக் பட்டியலிலிருந்து நீக்கம். வெளிச்சந்தையில் சில சென்ட்டுகளுக்கு விற்றது. "ஷார்ட் பாக்கி இன்னும் இருக்கிறது, வாங்கித்தானே ஆக வேண்டும்" என்று அப்போதும் வாங்கிக் குவித்தவர்கள் ஏராளம். செப்டம்பர் 29ஆம் தேதி திவால் திட்டம் நடைமுறைக்கு வந்தது. எல்லா ஷேரும் ரத்து. பங்குதாரருக்கு ஒரு சென்ட்கூடக் கிடையாது.

சரி, ஷார்ட் அடித்தவர்கள்? அவர்கள் எதையும் வாங்கவில்லை. வாங்க வேண்டிய அவசியமே வரவில்லை. கைமாற்றாக வாங்கிய நூறு மூட்டைப் பருப்பும் கெட்டுப்போனது, மண்ணில் புதைக்க வேண்டும் என்று அதிகாரி உத்தரவு போட்டுவிட்டால், கொடுத்தவர் என்னிடம் எதைத் திருப்பிக் கேட்பார்? மதிப்பே இல்லாத சரக்கு. முன்பு விற்ற பணம் முழுவதும் எனக்கு. ஷேர் ரத்தாவது ஷார்ட் அடித்தவருக்குத் தோல்வி அல்ல, முழு வெற்றி. "வாங்கியே ஆக வேண்டும்" என்ற வாக்கியத்துக்கு முன்னால் "ஷேர் உயிரோடு இருந்தால்" என்ற மூன்று சொற்கள் விட்டுப்போயிருக்கின்றன. அந்த மூன்று சொற்களின் விலைதான் 3,60,000 ரூபாய்.

ரத்தாகும்வரை அவர்களுக்கும் சிறு தொல்லை உண்டு. விற்பனை நின்றுபோன ஷேரில் கணக்கை முடிக்க முடியாது. முடிக்கும்வரை புரோக்கர் வாடகையும் ஜாமீன் தொகையும் கேட்கலாம். அதற்குப் பயந்து எல்லாரும் ஓடிவந்து வாங்குவார்கள் என்று நம்பிக் கடையை அடகு வைக்கலாகாது.

மறுபக்கமும் உண்டு

டீலிஸ்ட் ஆனாலே ஷேர் பூஜ்யம் என்று நான் சொல்லவில்லை. சீனாவில் லக்கின் காபி என்று ஒரு கம்பெனி. 2019 மே மாதம் நாஸ்டாக்கில் ஷேர் 17 டாலர் வீதம் விற்றது. 2020 ஜனவரி 31ஆம் தேதி ஓர் அறிக்கையை ஷார்ட் அடிக்கும் நிறுவனமான மடி வாட்டர்ஸ் வெளியிட்டது. எழுதியவர் பெயர் இல்லை. ஆனால் அதற்காக அவர்கள் பட்ட பாட்டை நம் போன்ற கடைக்காரர்கள் மெச்சத்தான் வேண்டும். முழுநேரம், பகுதிநேரமாக 1,500க்கும் மேற்பட்ட ஆட்களை நிறுத்தி, கடைகளில் வந்து போவோரை எண்ணினார்கள். 11,260 மணி நேரம் படம் பிடித்தார்கள். 25,843 பில்களைத் திரட்டினார்கள். கம்பெனி சொல்லும் விற்பனை பொய் என்று சொன்னார்கள். கம்பெனி மறுத்தது. ஏப்ரல் 2ஆம் தேதி கம்பெனியே ஒப்புக்கொண்டது. சுமார் 31 கோடி டாலர் விற்பனை கற்பனை. ஒரே நாளில் விலை நான்கில் மூன்று பங்கு சரிந்தது. ஜூன் 29ஆம் தேதி நாஸ்டாக்கில் வியாபாரம் நிறுத்தப்பட்டது. அதற்கு முந்தைய கடைசி விலை 1 டாலர் 38 சென்ட்.

ஆனால் இந்தக் கம்பெனியில் கணக்குத்தான் பொய், கடை பொய்யல்ல. காபி விற்றது, ஆள் வந்தார்கள். நிர்வாகத்தை மாற்றினார்கள், அமெரிக்க மேற்பார்வை அமைப்புக்கு 18 கோடி டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டார்கள். 2021 நடுவில் வெளிச்சந்தையில் அதன் விலை 10 டாலரைத் தாண்டியிருந்தது. 2023 ஜூன் மாதம் 10,000ஆவது கடையைத் திறந்தது. டீலிஸ்ட் ஆனதே போதும், பூஜ்யமாகட்டும் என்று கைமாற்றைத் திருப்பாமல் உட்கார்ந்த ஷார்ட்காரர் அங்கே மாட்டிக்கொண்டார்.

இரண்டு கம்பெனியும் நாஸ்டாக்கில் இருந்து நீக்கப்பட்டவை. ஒன்று பூஜ்யம், ஒன்று பல மடங்கு. எது எந்தப் பக்கம் போகும் என்று ஷார்ட் பாக்கிக் கணக்கு சொல்லியிருக்குமா? சொல்லாது. கடைக்குள் சரக்கு இருக்கிறதா, வாடிக்கையாளர் வருகிறாரா, சரக்குக் கொடுப்பவர் கடன் கொடுக்கிறாரா என்பதுதான் சொல்லியிருக்கும். மொத்த வியாபாரி கையை இழுத்துக்கொண்ட கடை பிழைக்காது என்பது நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. ஷார்ட் அடிப்பவர் எல்லாரும் விலையைக் கெடுக்கும் பாவிகள் என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. எனக்கும் இருந்தது. உள்ளே பொய் இருந்தால் அதைத் தேடிக் கண்டுபிடிக்கக் காசு செலவழிப்பவரும் அவரே. அவர் நமக்கு நண்பரும் அல்ல, எதிரியும் அல்ல. அவருக்குத் தன் லாபம்.

நம் நாட்டில் நிலைமை

2001 மார்ச் மாதம் மார்க்கெட் சரிந்தபோது செபி ஷார்ட் விற்பனைக்குத் தடை போட்டது. 2008ல் ஷேர் கைமாற்றுக்கு முறையான ஏற்பாடு வந்தது. இன்றும் கையில் இல்லாத ஷேரைக் கைமாற்று ஏற்பாடும் இல்லாமல் விற்றுவிட்டு நாட்கணக்கில் பாக்கி வைக்க இங்கே வழியில்லை. காலையில் விற்றவர் மாலைக்குள் வாங்கிவிட வேண்டும். தவறினால் எக்ஸ்சேஞ்ச் ஏலத்தில் வாங்கிக் கொடுத்துவிட்டு அவர் தலையில் நஷ்டத்தைக் கட்டிவிடும். ஷார்ட் விவரத்தைத் திரட்டி வாரம் ஒருமுறை வெளியிட வேண்டும் என்று 2024 ஜனவரியில் செபி எக்ஸ்சேஞ்ச்களுக்குச் சொன்னது. ஆக, திவால் வழக்கில் கிடக்கும் சின்னக் கம்பெனி ஷேரில் ஆண்டுக்கணக்கில் மறைந்து கிடக்கும் ஷார்ட் பாக்கி என்று யாராவது சொன்னால், அமெரிக்கக் கதையைக் கேட்டு இங்கே ஒட்டுப்போடுகிறார் என்று பொருள்.

நம் நாட்டில் பார்க்க வேண்டியது டீலிஸ்ட் எந்த வகை என்பதே. கம்பெனி முதலாளி தானே விரும்பி நீக்கினால், மற்றவர்களின் ஷேரை விலை கொடுத்து வாங்க வேண்டும். அப்போது கொடுக்கத் தவறியவர்களுக்கும் குறைந்தது ஓராண்டு வாய்ப்பு உண்டு. விதிமீறலுக்காக எக்ஸ்சேஞ்சே நீக்கினால், மதிப்பீட்டாளர் சொல்லும் விலையை முதலாளி தர வேண்டும் என்று விதி இருக்கிறது. கையில் வருவது அவரவர் பாடு. மூன்றாவது, திவால் சட்டப்படி வேறொருவர் கையேற்று நீக்குவது. இதில் பெரும்பாலும் பழைய ஷேருக்கு எதுவும் கிடையாது.

டி.எச்.எஃப்.எல். விவகாரம் பலருக்கு நினைவிருக்கும். வீட்டுக் கடன் கொடுத்த பெரிய கம்பெனி. 2019 நவம்பரில் ரிசர்வ் வங்கி அதன் நிர்வாகத்தை விலக்கியது. 2021 ஜூன் 7ஆம் தேதி திவால் தீர்ப்பாயம் பிரமல் குழுமத்தின் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. அந்தத் திட்டத்தில் ஷேரின் மதிப்பு பூஜ்யம். ஜூன் 14ஆம் தேதி முதல் ஷேர் வியாபாரம் நிறுத்தப்பட்டது. நடுவில் இருந்த சில நாட்களிலும் அந்த ஷேரைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் இருந்தார்கள். எதை நம்பி வாங்கினார்கள்?

வரிசையில் கடைசி ஆள் யார் என்பதை மறந்துவிடுகிறோம். ஒரு கடை நொடித்துப்போனால் முதலில் வழக்குச் செலவு, பிறகு தொழிலாளர் பாக்கியும் அடமானக் கடன் கொடுத்த வங்கியும், பிறகு அரசாங்கம், அதற்குப் பிறகுதான் சரக்குக் கொடுத்த நம் போன்றவர்கள். நமக்கே ரூபாய்க்கு எத்தனை காசு வரும் என்பது நொடித்த கடைக்குச் சரக்குக் கொடுத்த ஒவ்வொருவருக்கும் தெரியும். நமக்கும் பின்னால், வரிசையின் வாலில் நிற்பவர் பங்குதாரர். ஏனென்றால் அவர்தான் முதலாளி. ஷேர் வாங்கும்போது கடைக்குக் கடன் கொடுக்கிறோம் என்று பலர் நினைக்கிறார்கள். கடையில் பங்காளி ஆகிறோம் என்பதே உண்மை.

செய்ய வேண்டியவை

என் கருத்தை மூன்றாகச் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று, மேற்பார்வை அமைப்புகளுக்கு. ஷார்ட் விவரம் வெளியிடுவது நல்லது. அதை நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் பட்டியலிலிருந்து நீக்கிய அன்றே அந்த விவரம் ஒரு பக்கத்தில் மறைந்து, வேறு பக்கத்தில் வேறு குறியீட்டில் முளைப்பது சிறு முதலீட்டாளருக்கு உதவாது. எந்தத் தேதிக் கணக்கு, அந்தத் தேதியில் மொத்த ஷேர் எத்தனை என்பதை அந்த எண்ணின் பக்கத்திலேயே எழுத வேண்டும். நம் நாட்டு எக்ஸ்சேஞ்ச்கள் திவால் வழக்கில் உள்ள ஷேருக்கு எச்சரிக்கைக் குறி போடுகின்றன. அது ஆங்கில எழுத்துச் சுருக்கமாக இருக்கிறது. "இந்த ஷேர் ரத்தாகலாம், பணம் முழுவதும் போகலாம்" என்று வாங்குவதற்கு முன் தமிழில் ஒரு வரி வந்தால் எத்தனையோ கடைகள் பிழைக்கும். பீடிக் கட்டில்கூட எச்சரிக்கைப் படம் போட வைத்த அரசாங்கத்துக்கு இது பெரிய காரியமா?

இரண்டு, நம் சங்கத்துக்கு. ஜி.எஸ்.டி. கணக்குக்கு வகுப்பு நடத்துகிறோம். அதுபோல் மாதம் ஒரு மாலை, கடைப் பிள்ளைகளுக்காக ஷேர் கணக்கு வகுப்பு ஒன்று நடத்த வேண்டும். ஷேர் வாங்காதே என்று சொன்னால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் கேட்க மாட்டார்கள். கேட்கவும் வேண்டாம். எந்தக் கணக்கை எப்படிப் படிப்பது என்று சொல்லிக்கொடுத்தால் கேட்பார்கள்.

மூன்று, நமக்கு. கடை முதல் வேறு, மிச்சப் பணம் வேறு. ஷேரில் போடுவது மிச்சப் பணமாக இருக்கட்டும். கடை முதல் என்பது நம் பணம் மட்டுமல்ல. அதில் சரக்குக் கொடுத்தவரின் நம்பிக்கை பாதி இருக்கிறது.

அந்தச் சில்லறை வியாபாரிக்கு எட்டு மாதத் தவணை கொடுத்தேன். சரக்கையும் நிறுத்தவில்லை. நான் நிறுத்தினால் அவர் தட்டும் காலியாகும் என்று எனக்குத் தெரியும். பாக்கியில் பாதி வந்துவிட்டது. போன வாரம் பையன் மட்டும் பணத்தோடு வந்தான். "பெரியப்பா, இன்னும் அந்தக் குழுவில் இருக்கேன். ஆனா எதுவும் வாங்குறதில்லை. யார் என்ன கணக்குச் சொல்றாங்கன்னு பார்த்து, எந்தத் தேதிக் கணக்குன்னு மட்டும் கேட்கிறேன். யாரும் பதில் சொல்றதில்லை" என்றான்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள் நம் பெரியவர்கள். எந்தப் படியால் அளக்கிறோம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டிய காலம் இது. முத்திரை இல்லாத படியால் நாம் சரக்கு அளந்தால் அபராதம் போடுகிறார்கள். தேதி இல்லாத கணக்கால் நம் பிள்ளைகளின் முதலை அளக்க விடலாமா? உறுப்பினர்கள் சிந்திக்க வேண்டுகிறேன்.